ஐம்பத்தைந்து வயது வண்டிக்கு விலை என்ன?

எங்கள் தந்தையார் 1968-ஆம் ஆண்டில் வாங்கிய என்ஃபீல்டு புல்லட்டின் மீது, 2023-ஆம் ஆண்டு மே மாதம், வத்தலக்குண்டுச் சாலையின் வளைவொன்றில் சரக்கு வண்டி ஒன்று மோதியது. ஓட்டிச் சென்ற தம்பிக்குக் காறை எலும்பு முறிந்தது. இறைவனருளால் அதற்கு மேல் தீங்கொன்றும் இல்லை. ஆறு வாரங்களில் அவன் தேறிவிட்டான். வண்டியின் செய்திதான் நீண்டது. அதனையே இங்கு எழுதுகிறோம்.

தந்தையார் சிறுமலை வாழைப்பழ வாணிகம் செய்தவர். திண்டுக்கல் சந்தைக்கும் மலையடிவாரத்துக்கும் நாள் தவறாமல் அவரைச் சுமந்து சென்றது அந்தப் புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. பின்னர், பெற்றெடுத்த நாட்டில் அந்நிறுவனம் மூடப்பட்டுவிட, சென்னையில் வளர்ந்த பிள்ளை மட்டும் நின்று நிலைத்தது. இதனைத் தந்தையார் தம் சொந்தச் சாதனைபோல் விருந்தினரிடம் கூறுவார். கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்த வண்டி அது. புது வண்டி ஓட்டிப் பழகியவர் ஏறினால் முதல் திருப்பத்திலேயே தடுமாறுவர்.

தந்தையார் மறைந்தபின் ஆர்.சி. புத்தகத்தை அண்ணன் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். காப்பீட்டுப் பாலிசியும் அப்பெயரிலேயே இருந்தது. இவ்விரண்டிலும் பெயர் வேறுபட்டால் நிறுவனத்தார் கேள்வி எழுப்புவர் என்பதை நேயர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். பாலிசியில் குறித்திருந்த வண்டியின் மதிப்பு 50,000 ரூபாய். புது வண்டியாயின் முதல் ஐந்தாண்டுகளுக்கு இம்மதிப்பைக் கணக்கிட ஓர் அட்டவணை உண்டு. ஆண்டுதோறும் தேய்மானம் ஏறி, ஐந்தாம் ஆண்டில் பாதியாகிவிடும். ஐந்தாண்டு கடந்த வண்டிக்கு அட்டவணை கிடையாது. உரியவரும் நிறுவனத்தாரும் பேசி ஒப்புக்கொள்வதே மதிப்பு. ஒவ்வோராண்டும் அண்ணன் கூடுதலாகக் கேட்பார். அவர்கள் ஐம்பதாயிரத்தில் நின்றுகொள்வார்கள்.

விபத்து நடந்த இடத்திலேயே நான்கு புறமும் படமெடுத்து, காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தெரிவித்து, வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு சேர்த்தோம். சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு திருகாணியும் கழற்றலாகாது என்றார்கள். முன்சக்கர வளையம் எட்டாய் மடங்கியிருந்தது. ஃபோர்க் பின்னோக்கி வளைந்திருந்தது. முகப்பு விளக்கின் கூடு விரிசல் கண்டிருந்தது. டேங்கின் இடப்பக்கம் உள்ளங்கையளவு குழிந்து, அதன்மேல் ஆலைத் தொழிலாளர் கையால் இழுத்த பொன்வரை அறுந்து கிடந்தது.

பெரிய பட்டறைக்காரர் தந்த முதல் மதிப்பீடு 70,000 ரூபாய்: புதுப் பாகங்களுக்கு 58,000, கூலி 12,000. பத்தாண்டு கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்குப் பாதி விலையே நிறுவனம் தரும். டயர், டியூப், ரப்பர், பிளாஸ்டிக் ஆகியவற்றிற்கும் பாதியே. கூலியில் அத்தகைய கழிவு இல்லை. ஆக, அவர்கள் பொறுப்பு 41,000 ஆகிறது. பாலிசி நிபந்தனைப்படி, பழுதுபார்க்கும் செலவு குறித்த மதிப்பில் 75 விழுக்காட்டைக் கடந்தால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். எங்களுக்கு அந்த எல்லை 37,500. வண்டி செத்துவிட்டது என்று கணக்கு கூறியது! ஐம்பதாயிரத்தைப் பெற்றுக்கொண்டு வண்டியை ஒப்படைக்க வேண்டும். வேண்டாமெனில், உடைந்த வண்டியின் விலையைக் கழித்துக்கொண்டு எஞ்சியதைத் தருவர்.

அண்ணன் மகள் அவ்வாண்டு கல்லூரியில் சேர வேண்டியிருந்தது. ஐம்பதாயிரம் என்பது அவருக்கு வெறும் எண்ணன்று. "வாங்கிக்கொள்வோம்" என்றார் அவர். தம்பி கட்டுப்போட்ட தோளோடு எழுந்து வெளியே போய்விட்டான். அண்ணன் கூறியதைக் கல்நெஞ்சம் என்று எவரும் எண்ணலாகாது. கட்டணத்துக்குத் தவணை நாள் உண்டு, பாசத்துக்கு இல்லை.

மறுநாள் சர்வேயர் வந்தார். உரிமம் பெற்றவர், அறுபதை நெருங்கியவர். சேதத்தைப் பார்ப்பார் என்று நின்றோம். அவரோ துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, சட்ட எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தார். இயந்திர எண்ணுக்கும் அவ்வாறே செய்தார். ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டார். அம்மா இரும்புப் பெட்டியிலிருந்து தந்தையாரின் 1968-ஆம் ஆண்டு ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதனையும் எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"அம்மா, சட்டமும் இயந்திரமும் ஆலையிலிருந்து சேர்ந்தே வந்தவை. டேங்கும் மட்கார்டும் அன்றைய தகடு. பழைய வண்டியை நாடுகிறவர்கள் விலை கொடுப்பது இவற்றுக்குத்தான். இதைக் கழித்துவிட்டுச் சந்தையில் விற்கும் போலித் தகட்டை மாட்டினால் வண்டி புதிதாகத் தோன்றும்; மதிப்பு இறங்கிவிடும்" என்றார்.

"அப்படியானால் உங்கள் மதிப்பை உயர்த்தி எழுதலாமே, ஐயா?" என்று அண்ணன் கேட்டார்.

"பாலிசியில் உள்ள தொகைக்கு மேல் நான் எழுத முடியாது. சந்தை மதிப்பு வேறு, ஒப்புக்கொண்ட மதிப்பு வேறு. முதலாவதை விற்கும்போதுதான் காண்பீர்கள். ஆனால் இந்த டேங்கை மாற்றத்தான் வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் எங்களுக்கு மாலையில்தான் விளங்கியது. புதுப் பாகம் வாங்கினால் பாதி கழிவு; பழைய பாகத்தைச் செப்பனிட்டால் அது கூலி. தந்தையாரின் வண்டியை முப்பதாண்டுகளாகக் கவனித்துவரும் பேகம்பூர் மெக்கானிக் பாயிடம் சென்றோம். அவர் டேங்கைத் தட்டிப் பார்த்து, உட்புறம் கம்பி விட்டுக் குழியை எடுத்துவிடலாம் என்றார். விளக்குக் கூட்டைப் பற்றவைக்கலாம். மட்கார்டைத் தட்டி நிமிர்த்தலாம். ஃபோர்க்கை மட்டும் நிமிர்த்த மறுத்துவிட்டார். "வளைந்த குழாயை நிமிர்த்திக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்கள், தம்பி. ஒரு நாள் ஓட்டத்திலேயே முறிந்தால் நான் யாருக்குப் பதில் சொல்வேன்?" என்றார். வளையமும் ஃபோர்க் குழாய்களும் புதியவையே வேண்டும் என்று எழுதினார்.

இரண்டாம் மதிப்பீடு 43,000: பாகங்கள் 24,000, கூலி 19,000. தேய்மானம் போக நிறுவனத்தின் பொறுப்பு 31,000. எல்லைக்குள் வந்துவிட்டது. எங்கள் கையிலிருந்து பன்னிரண்டாயிரமும் பாலிசியின் சிறு கழிவும் போடவேண்டும். ஒருபுறம் வண்டியின்றி ஐம்பதாயிரம். மறுபுறம் வண்டியோடு பன்னிரண்டாயிரம் செலவு.

அன்றிரவு எங்கள் வீட்டில் வெகுநேரம் விளக்கு எரிந்தது. பேசி முடித்தவர்கள் அம்மாதான். "விற்கவேண்டுமென்றால் வண்டியாக விற்போம், இரும்பாக வேண்டாம். ஓடுகிற வண்டிக்குச் சர்வேயர் சொன்ன விலை வரட்டும், அப்போது பேசுங்கள்" என்றார்கள். அதில் உணர்ச்சியைவிடக் கணக்கே மிகுதி என்பதை அண்ணன் உடனே கண்டுகொண்டார். கல்லூரிக் கட்டணத்துக்குச் சீட்டுப் பணத்தை எடுத்தோம். தம்பி தன் பங்குக்கு ஒரு தொகை தந்தான்.

சர்வேயர் இரண்டாம் மதிப்பீட்டை வரிவரியாகப் பார்த்து ஏற்றுக்கொண்டார். பட்டறை வேலை இரண்டு மாதம் பிடித்தது. பொன்வரையைச் சென்னையில் பழகிய ஒரு முதியவர் ஒரே மூச்சில் இழுத்தார். பழைய வரையைவிட நூலளவு தடித்திருக்கிறது. வேலை முடிந்தபின் சர்வேயர் மீண்டும் வந்து பார்த்துச் சென்றார். கழிவு போகச் சேரவேண்டிய தொகை வங்கிக் கணக்கில் சேர்ந்தது.

புறப்படுமுன் அவர் மற்றொன்றும் கூறினார். 2021-ஆம் ஆண்டு விதிப்படி, ஐம்பதாண்டு கடந்து முதல் வடிவம் மாறாத இரு சக்கர வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிந்து, 'வி.ஏ.' எழுத்துடைய எண் பெறலாம். ஆனால் அதன்பின் கண்காட்சி, அணிவகுப்பு முதலியவற்றிற்கன்றி அன்றாடம் ஓட்டக்கூடாது. தம்பி தலையசைத்து மறுத்துவிட்டான். வழக்கம்போல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொள்வதாக முடிவாயிற்று.

அடுத்த பாலிசிக்கு அண்ணன் ரசீதின் நகல், எண்களின் பென்சில் படிகள், பழுதுபார்த்த பட்டியல், வண்டியின் பன்னிரண்டு படங்கள் ஆகியவற்றைக் கோப்பாகக் கட்டிக்கொண்டு போனார். ஒரு லட்சம் கேட்டார், 80,000-க்கு ஒப்புக்கொண்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் இருமுறை வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துப் போயிருக்கிறார். விலை என்னவென்று அவர் கேட்கும்போதெல்லாம், காப்பி சாப்பிடுங்கள் என்கிறார் அண்ணன்.