ஒரு சாண் துணி

சென்ற ஆண்டு ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகையை நான் தவறவிட்டேன். நோயோ உறக்கமோ காரணமன்று. உடுத்தியிருந்த குர்த்தி காரணம். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், என்னைப் போலவே யோசியாமல் ஆடை வாங்கும் சகோதரிகள் சிலருக்கேனும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் எழுதத் துணிந்தேன்.

அன்று நோயுற்றிருந்த உறவினர் ஒருவரைக் காணத் திருச்சியிலுள்ள ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். அஸர் நேரம் வந்தது. பெண்கள் அமரும் அறையின் மூலையில் தொழுவதற்கு இடம் இருந்தது. ஒளுச் செய்யத் தண்ணீர் இருந்தது. கிப்லாவின் திசையையும் ஒரு சகோதரி காட்டித் தந்தார். இல்லாதது ஆடை மட்டுமே.

நான் புர்கா அணியும் வழக்கமில்லாதவள்; துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வெளியே செல்பவள். அன்று அணிந்திருந்தது மெல்லிய ஜார்ஜெட்டில் தைத்த ஸ்ட்ரெயிட் கட் குர்த்தி. முக்கால் கை. இடுப்புவரை ஏறிய சைடு ஓப்பன். கீழே லெக்கின்ஸ். நிற்கும்போது எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. குனிந்து பார்த்தபோதுதான் உண்மை புரிந்தது. ருகூவில் கழுத்து தொங்கித் திறந்துகொள்ளும். ஸஜ்தாவில் பின்பக்கத் துணி மேலேறிவிடும். துப்பட்டாவால் தலையை மூடினால் முழங்கைக்குக் கீழே மறையவில்லை. கையை மூடினால் நெஞ்சுப் பகுதிக்குப் போதவில்லை. ஒரு படுக்கை விரிப்பைக் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டிருக்கலாம். கிடைத்ததைக் கொண்டு மறைத்துத் தொழுதிருக்க வேண்டுமே தவிரத் தள்ளிப்போட்டிருக்கக் கூடாது என்று பின்னர் ஓர் ஆலிமா எனக்கு எடுத்துச் சொன்னார். அந்த நேரத்தில் கூச்சம் என்னைத் தடுத்துவிட்டது. வீட்டுக்குப் போய்த் தொழுதுகொள்ளலாம் என்று பேருந்தில் ஏறினேன். வண்டி வழியில் தாமதமாயிற்று. கீரனூரைத் தாண்டும்போதே சூரியன் மறைந்துவிட்டது.

வீட்டில் என் மகள் கேட்டாள்: “அஸர் எங்கேம்மா தொழுதீங்க?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் என் ஆடையை ஒரு முறை பார்த்துவிட்டு, “இதே மாடலைத்தானே எனக்கு வேண்டாம்னு சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டாள். அவள் குரலில் கேலி இல்லை. அதனாலேயே அந்தக் கேள்வி மிகவும் தைத்தது.

ஆம். ஆறு மாதங்களுக்கு முன் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு கடையில் அவள் அத்தகைய குர்த்தியை எடுத்தபோது, “ஊர் என்ன சொல்லும்?” என்று தடுத்தவள் நான்தான். பிறகு ஒரு திருமண வீட்டுக்குச் செல்லும்போது வயதானவளாகத் தெரிந்துவிடக் கூடாதே என்று அதே வகையை என் அளவில் வாங்கியவளும் நான்தான். மகளுக்கு ஊரின் கண்ணை அளவுகோலாக வைத்தேன். எனக்கோ உறவினர் கண்ணை. தொழுகையை அளவுகோலாக வைக்க வேண்டும் என்று இருவருக்குமே நான் சொல்லவில்லை.

அரசு அருங்காட்சியகம் அமைந்துள்ள எங்கள் திருக்கோகர்ணத்தில், என் சிறு வயதில், குர்த்தி என்ற சொல்லே கிடையாது. நன்னி சேலையின்மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு செல்வார். அந்தத் துப்பட்டி இருந்தால் எங்கே பாங்கு கேட்டாலும் அங்கேயே தொழுதுவிடலாம். அம்மாவின் காலத்தில் துப்பட்டி குறைந்தது. என் காலத்தில் சுடிதார் வந்தது; இப்போது குர்த்தி. பேருந்துப் படியில் ஏறவும், வண்டி ஓட்டவும், வேலைக்குச் செல்லவும் சேலையைவிட இது எளிது. அதை நான் குறைகூறவில்லை. துப்பட்டியை விட்டபோது அது செய்துவந்த வேலையை வேறு எதனிடம் ஒப்படைத்தோம் என்று எண்ணாமல் விட்டோமே, அதுதான் என் வருத்தம்.

குர்த்தி நேற்றுப் பிறந்ததன்று. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்பிரூனி, 1030ஆம் ஆண்டை ஒட்டி இந்தியாவைப் பற்றி அரபியில் எழுதிய நூலில், இந்நாட்டுப் பெண்கள் அணியும் கையுள்ள குட்டைச் சட்டையைக் குறிப்பிடுகிறார். அதன் இருபுறமும் திறப்பு இருந்ததையும் எழுதியிருக்கிறார். ஆக, சைடு ஓப்பனுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வயது. கால் தடையின்றி நடக்க ஏற்பட்ட திறப்பு அது. அது எங்கே தொடங்குகிறது, உள்ளே என்ன அணிகிறோம் என்பதுதான் கேள்வி.

இன்னொரு செய்தியும் நினைவுக்கு வந்தது. பெண் நீண்ட சட்டையும் முக்காடும் மட்டும் அணிந்து தொழலாமா என்ற கேள்விக்கு, சட்டை பாதத்தின் மேற்பகுதியை மறைக்கும் அளவு நீண்டிருந்தால் போதும் என்னும் கருத்து உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நீண்ட சட்டையும் முக்காடும் நமக்கு அந்நியமானவை அல்ல என்று அதைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது.

அதன்பின் ஆடை வாங்கும் முறையை மாற்றிக்கொண்டேன். கடையில் அணிந்து பார்க்கும் அறைக்குள் கண்ணாடியின் முன் நின்று பார்ப்பதோடு முடிப்பதில்லை. ருகூவின் அளவுக்குக் குனிகிறேன், கைகளை உயர்த்துகிறேன், இயன்றால் ஸஜ்தாவைப் போல் அமர்ந்தும் பார்க்கிறேன். கையை முழங்கைக்குமேல் சுருட்ட முடிகிறதா என்றும் பார்க்கிறேன். ஏனெனில் மணிக்கட்டுவரை இறுகிய கை அழகாக இருந்தாலும் ஒளுவின்போது பெருந்தொல்லை. மணிக்கட்டில் ஒரு பொத்தான் இருந்தால் அத்தொல்லை தீர்ந்துவிடும்.

அன்றாட உடைக்கு ஏ-லைன் குர்த்தியே எனக்கு நெருங்கிய தோழி. மேலே உடம்போடு பொருந்தி, கீழே செல்லச் செல்ல விரிவதால் திறப்பே தேவைப்படாது. ஸ்ட்ரெயிட் கட் பிடித்தவர்கள், திறப்பை இடுப்புக்கு ஒரு சாண் கீழே தொடங்கும்படி தைக்கச் சொல்லி, லெக்கின்ஸுக்குப் பதிலாகத் தளர்ந்த பேண்ட் அல்லது பலாஸோ அணியலாம். குட்டைக் குர்த்திக்கும் பலாஸோவே துணை. நைரா கட்டில் திறப்பு முன்பக்கம் இருப்பதால் உள்ளே நீண்ட லைனிங் வேண்டும். அங்கரக்கா வகையில் ஒன்றன்மேல் ஒன்றாக மடியும் முன்பக்கம் குனியும்போது விலகும். உள்ளே ஒரு ஊக்கு தைத்துவிட்டால் விலகாது. துணியைப் பொறுத்தவரை, எங்கள் ஊர் வெயிலுக்குப் பருத்திக்கு ஈடில்லை. புர்காவுக்குள் அணிவோருக்கு இது இன்னும் பொருந்தும். லக்னோவின் சிக்கன் வேலைப்பாட்டுத் துணி பெரும்பாலும் மெல்லியது. உள்ளே சிம்மீஸ் இன்றி அணிய இயலாது. கட்ச் பகுதியில் கத்ரி முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக அச்சிட்டுவரும் அஜ்ரக் துணியின் அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் வேலைக்கும் பொருந்தும், விருந்துக்கும் பொருந்தும்.

பெருநாள் உடையில் எனக்குப் பாடம் சொன்னவர், கோயில் தெருப் பக்கம் இருக்கும் தையலக்கா. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் எங்கள் பகுதிப் பெண்கள் எல்லோருக்கும் அவரே தைக்கிறார். கழுத்து முழுவதும் ஜரிகை வேலை செய்த அனார்கலி ஒன்றைக் காட்டி, இதுபோல் வேண்டும் என்று மகள் கேட்டபோது அவர் சிரித்தார். “கழுத்து வேலைக்குத்தான் பாதிக் காசு. அது மேலதான் நீ முக்காடு போடப்போற. யாருக்குத் தெரியும் கண்ணு?”

எத்தனை உண்மை! அந்நூர் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் முக்காட்டைப் பற்றிப் பேசுமிடத்தில் ‘ஜுயூப்’ என்ற சொல் வருகிறது; சட்டையின் கழுத்துத் திறப்பைக் குறிக்கும் சொல் அது. அங்கே வேலைப்பாட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, அதன்மேல் துணியை இழுத்து மூடுகிறோம். மூட மனமில்லாமல் முக்காட்டைச் சற்றே விலக்குகிறோம். வேலைப்பாடு மணிக்கட்டிலும் கீழ் ஓரத்திலும் இருந்தால் பணமும் வீணாகாது, முக்காடும் விலகாது. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தொழுமிடத்தில் அலங்காரத்தை மேற்கொள்ளச் சொல்கிறது. வீண்விரயத்தைத் தடுப்பதும் அதே வசனம்தான்.

அனார்கலிக்கு நான்கு மீட்டருக்குக் குறையாமல் துணி வேண்டும் என்றார் தையலக்கா. அப்போது பீரோவில் இருந்த அம்மாவின் மதுரைச் சுங்குடிச் சேலை என் நினைவுக்கு வந்தது. அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளிகள், ஐந்தரை மீட்டர். அம்மா மௌத்தாகி ஆறு ஆண்டுகளாக அதை நான் உடுத்தவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. மடிப்பில் நூல் நைந்துகொண்டிருந்தது. தையலக்கா கத்தரியை எடுத்ததும் என் கை தானாகவே சேலையைப் பின்னுக்கு இழுத்தது. “இன்னொரு நாள் வாறேங்கா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. முக்காட்டு வசனம் இறங்கியபோது அக்காலத்துப் பெண்கள் புதுத் துணிக்குக் காத்திருக்கவில்லை. தம்மிடம் இருந்த ஆடைகளின் ஓரத்தைக் கிழித்து முக்காடாக்கிக்கொண்டார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. பலமுறை கேட்ட செய்திதான். அந்த இரவில் அது எனக்கென்றே சொல்லப்பட்டதுபோல் இருந்தது. பீரோவில் நைந்துபோகும் துணியால் அம்மாவுக்கு என்ன நன்மை? பேத்தி அதை உடுத்தித் தொழுது, நன்னிக்காக துஆச் செய்தால் அதுவன்றோ நன்மை?

மறுநாள் காலையில் சேலையைக் கொடுத்துவிட்டேன். வெட்டும்போது நான் அங்கே நிற்கவில்லை.

ரமலான் தொடங்கும் முன்பே தைத்து வாங்கிவிட்டதால், கடைசிப் பத்து இரவுகளைக் கடைத்தெருவில் கழிக்கும் நிலை இம்முறை ஏற்படவில்லை. பெருநாள் காலையில் மகள் அந்த அரக்கு அனார்கலியை அணிந்து என்முன் நின்றாள். முழங்கையைத் தாண்டிய தளர்ந்த கை; மணிக்கட்டில் பொத்தான்; கணுக்கால்வரை நீண்ட விரிவு; அம்மாவின் சேலைக்கரையே கீழ் ஓரம். அவள் ஸலாம் சொல்லி என் கையைப் பற்றியபோது என்னால் பேச இயலவில்லை.

மிச்சமிருந்த ஒன்றேகால் மீட்டரில் தையலக்கா ஓர் அகன்ற முக்காட்டைத் தைத்துக் கொடுத்தார். மடித்தால் ஒரு சாண் அளவுகூட வராது. அது இப்போது என் கைப்பையிலேயே இருக்கிறது. அன்றைய அஸரைக் கழாச் செய்துவிட்டேன். அதன் உரிய நேரம் எனக்குத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. என் தவறை அல்லாஹ் மன்னிப்பானாக. அம்மாவின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. நம் பெருநாள் உடைகளையும் அன்றாட உடைகளையும், அவன்முன் நிற்கத் தகுந்த உடைகளாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.