பார்வை எனும் அருட்கொடை

மதுரையில் 1936இல் பிறந்த ஓவியர் மனோகர் தேவதாஸ், விழித்திரை நோயால் பார்வை குறைந்துகொண்டே வந்தபோதும், தாம் நடந்து திரிந்த தெருக்களையும் யானைமலையையும் வைகையையும் நுண்ணிய பேனாக் கோடுகளால் வரைந்தார். கண்நீர் அழுத்த நோயால் பார்வை மங்கிவரும் வாப்பாவுக்கு அவ்வோவியங்களை ஒவ்வொன்றாக விவரித்தேன்.

கேட்டு முடித்தவர், “கயத்தாற்றில் நீ ஃபஜ்ருக்குப் போகும் வழியைச் சொல்” என்றார். நாள்தோறும் நடக்கும் வழி. ஒரு மரம்கூட நினைவுக்கு வரவில்லை. வாப்பாவே சொன்னார்: திருப்பத்தில் நிற்கும் வேம்பு, மழைக்குப்பின் கரிசல் மணம், தொலைவில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்.

மறுநாள் அவர் கையைப் பற்றி மெல்ல நடந்தேன். வேம்பு அங்கேதான் நின்றது. அல்ஹம்துலில்லாஹ்! அல்லாஹ் தந்த பார்வைக்கான நன்றியை, பார்ப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.