கோக்கர்நாக்கில் எந்த அக்ரூட் நல்லது?

காஷ்மீர் என்றால் நமக்கு ஆப்பிளும் குங்குமப்பூவும்தான் ஞாபகம் வரும். செப்டம்பர் மாதம் அனந்த்நாக் பக்கம் போய்ப் பாருங்கள், எந்த வீட்டு வாசலிலும் அக்ரூட் குவியல்தான்! வால்நட் என்று கடையில் வாங்குகிறோமே, அதேதான். காஷ்மீரியில் ‘டூன்’ என்கிறார்கள்.

கோக்கர்நாக்குக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், தெரிந்தவர்கள் மூலம் ஒரு குடும்பத்தோடு மூன்று நாள் தங்கினோம். பிரவேசிகா வரை படித்த ஹிந்தியை வைத்துக்கொண்டு நான் சமாளித்துவிட்டேன். தடுமாறிய இடத்தில் அந்த வீட்டுப் பெண் கைகொடுத்தாள். அவள் ஸ்ரீநகரில் விவசாயம் படிக்கிறாள்.

வாசலில் ஒரு கிழட்டு மரம், 60, 70 அடி உயரம் இருக்கும். அதன் கிளையில் ஒரு ஆள் நின்றுகொண்டு நீளக் கழியால் அடிக்கிறான். பிடித்துக்கொள்ள கயிறுகூட இல்லை. காய்கள் தகரக் கூரையில் ‘டம் டம்’ என்று விழுகின்றன. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வீட்டு அம்மாளோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய கொழுந்தனார் மூன்று வருஷத்துக்கு முன் இப்படித்தான் விழுந்து, முதுகெலும்பு அடிபட்டு, இன்றும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தே இருக்கிறார். அக்ரூட் பறிக்கும் காலத்தில் ஒவ்வொரு வருஷமும் அங்கே சிலர் உயிரை விடுகிறார்கள்.

“பெஹன்ஜி, இந்த மரம்தான் எங்களுக்குச் சோறு போட்டது, வாஸ்தவம். ஆனா இனிமே நடறது ஆள் ஏறாத மரமா இருக்கணும்” என்றார். அவர்களுக்கு 4 கனால் நிலம் சும்மா கிடக்கிறது. 8 கனால் ஓர் ஏக்கர். அதில் எதை நடுவது என்றுதான் வீட்டில் வாக்குவாதம். மாமியாருக்கு ஒரு கட்சி, பேத்திக்கு ஒரு கட்சி!

பழைய மரங்களை ஓட்டை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். காகிதம் மாதிரி மெல்லிய ஓடு இருந்தால் ‘காக்ஸி’. இரண்டு காயை உள்ளங்கையில் வைத்து நெரித்தால் பருப்பு முழுசாக வந்துவிடும். நடுத்தர ஓடு ‘புர்ஸுல்’. ‘வோந்து’ என்பது கல் மாதிரி. சுத்தியலால் உடைத்து, ஊசியால் நோண்டி எடுக்க வேண்டும். பொறுமைசாலிகளுக்குத்தான் அது. இதில் வேடிக்கை, காக்ஸிக் கொட்டையை ஊன்றினால் காக்ஸிதான் முளைக்கும் என்று நிச்சயமில்லை. நம் மாங்கொட்டை மாதிரிதான், தாய் ஒன்று பிள்ளை ஒன்று. காய்க்கும்வரை என்ன சாதி என்று தெரியாது, அதற்கும் 8, 10 வருஷம் காத்திருக்க வேண்டும். பாட்டியம்மாள் இதற்கெல்லாம் அசரவில்லை. “தண்ணி ஊத்தினோமா, எரு போட்டோமா? பாட்டுக்கு நிக்குது” என்றார். அதுவும் உண்மைதானே.

பேத்தி சொல்வது ஒட்டுக் கன்று. 4, 5 வருஷத்தில் காய்க்க ஆரம்பிக்கும், தாய் மரத்தின் குணம் அப்படியே வரும். உள்ளூர் மரங்களிலிருந்தே பொறுக்கியெடுத்த ஹம்தான், சுலைமான் என்ற ரகங்கள் இருக்கின்றன. ஸ்ரீநகரில் உள்ள மத்திய குளிர்பிரதேசத் தோட்டக்கலை நிறுவனமும் 1 முதல் 10 வரை எண் கொடுத்து ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. இவற்றை விட்டு அந்தப் பெண் ஒற்றைக்காலில் நிற்பது சாண்ட்லருக்காக. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1979-ல் வெளியிட்ட ரகம்.

அதில் என்ன விசேஷம் என்று கேட்டேன். பழைய மரங்களில் பெரும்பாலும் கிளை நுனியில்தான் காய். சாண்ட்லரில் பக்க மொட்டுகளிலும் காய்க்கிறது. தாமதமாகத் துளிர்ப்பதால் வசந்தகாலத்துப் பனிக்குத் தப்பிக்கும். பருப்பும் வெளுப்பாக இருக்கும், சந்தையில் அதற்குத்தான் மதிப்பு. முக்கியமாக, வருஷா வருஷம் கவாத்து செய்து அடக்கி வளர்த்தால் தரையில் நின்றே தட்டலாம். பெரிய மரத்துக்கு 40 அடி இடைவெளி வேண்டும், கனாலுக்கு 3 மரம்தான். சாண்ட்லரை 25 அடியில் வைத்தால் 8 மரம்.

ஆனால் அதற்குத் தண்ணீர், எரு, கவாத்து எல்லாம் வேளாவேளைக்கு வேண்டும். கைக்குழந்தை மாதிரி! தவிர, அக்ரூட்டில் ஆண் பூ, பெண் பூ இரண்டும் ஒரே மரத்தில் இருந்தாலும் ஒரே சமயத்தில் பக்குவமாவதில்லை. மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோக வேண்டும். அதனால் சாண்ட்லரோடு ஃபிரான்கெத் என்ற பழைய பிரெஞ்சு ரகத்தையும் ஒரு வரிசை வைக்கிறார்கள். அதன் ஆண் பூ, சாண்ட்லரின் பெண் பூ விரியும் நேரத்துக்குச் சரியாக வரும். நல்ல ஒட்டுக் கன்று கிடைப்பதும் லேசல்ல. வெட்டிய இடத்தில் சாறு வடிந்துகொண்டே இருக்குமாம். சுமார் 27 டிகிரி சூடு இருந்தால்தான் ஒட்டு கூடும். அந்தக் குளிரில் அதற்குப் பாலிதீன் கூடாரம் போட வேண்டியிருக்கிறது.

என்னையும் கேட்டார்கள். 3 கனாலில் சாண்ட்லர், ஓரத்தில் ஃபிரான்கெத். மீதி 1 கனாலில் பாட்டியம்மாள் கைகாட்டும் காக்ஸி மரத்திலிருந்தே ஒட்டு எடுத்து நடுங்கள் என்றேன். வெளியூர் ரகம் ஒரு வருஷம் காலை வாரினாலும் வீட்டு மரம் கைகொடுக்கும். வாசல் மரத்தை வெட்டும் பேச்சே அங்கே எழவில்லை. அக்ரூட் மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று 1969-லேயே சட்டம் போட்ட ஊர் அது. ஏறாமல், தானாக விழுவதைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று அம்மாள் சொல்லிவிட்டார். பாட்டியம்மாள் வாயைத் திறக்கவில்லை.

பச்சைத் தோல் உரிப்பது முழுக்கப் பெண்கள் வேலை. நானும் உட்கார்ந்து ஒரு கூடை உரித்தேன். விரலெல்லாம் கறுப்பு, ஊருக்கு வந்தும் பத்து நாள் போகவில்லை! பறித்ததும் உரித்து, கழுவி, காயவைத்துவிட வேண்டும். தாமதித்தால் உள்ளே பருப்பு கறுத்து விலை போகாது.

நீங்கள் வாங்கும்போது கையில் கனமாக, ஆட்டினால் சத்தம் வராததாகப் பாருங்கள். உடைத்த பருப்பைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். எண்ணெய்ச் சத்து அதிகம், வெளியே வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். ஓமேகா-3 கொழுப்பு இருக்கிறது, நல்லதுதான். ஆனால் 100 கிராமுக்கு சுமார் 650 கலோரி. நாளைக்கு ஒரு சின்னக் கைப்பிடி போதும்.

நான் புர்ஸுல்தான் 2 கிலோ வாங்கி வந்தேன். காக்ஸி ரயில் மூட்டையில் நொறுங்கிவிடும்.