கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு ரிலே

ஏசி குளிரவில்லை என்று கட்டுகஸ்தோட்டையில் உள்ள என் கறாஜுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கேஸ் அடிக்க எவ்வளவு, பாஸ்?" நான் திருப்பிக் கேட்பது, "எந்த இடத்தில நின்றது?"

ஒரு நாள் வந்த ஆசிரியர் ஐயா ஒருவரிடம் அதற்குப் பதில் இருந்தது. "கொழும்பிலிருந்து மாவனெல்லை வரைக்கும் நல்ல குளிர், தம்பி. கடுகண்ணாவை ஏற்றத்தில, அந்தக் குடைந்த பாறைக்குக் கிட்ட வந்ததும் வெறுங்காற்று. மறுநாள் காலையில சரியாயிருக்கு."

வேறு இடத்தில் இரண்டு தரம் கேஸ் அடித்து, கொம்ப்ரசரும் மாற்றியிருந்தார். அந்தச் செலவைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

ஏற்றத்தில் ஏசி நிற்பதெல்லாம் பழுதல்ல. என்ஜின் திணறினால் கம்ப்யூட்டரே கொம்ப்ரசரை நிறுத்திவிடும். சுமை குறைந்ததும் திரும்ப விடும். இவருடைய காரில் அது திரும்பி வரவேயில்லை.

காலைக் குளிரில் சோதித்தால் எல்லாம் ஒழுங்கு. ஓடும்போது இரு பக்க அழுத்தமும் சரி. கொம்ப்ரசரை என்ஜினோடு இணைக்கும் காந்தக் கிளச்சின் கொயில் 3.6 ஓம். சூடு ஏறாமல் இந்தப் பழுது முகம் காட்டாது. செம்புக் கம்பியின் தடை ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 60 பாகை சூடேறினால் கிட்டத்தட்டக் கால்வாசி. அதனால் கரண்ட் குறைந்து கிளச்சின் காந்தம் தளரும். வோல்ட்டும் குறைந்துவிட்டால் தட்டை இழுக்க அதற்குப் பலம் போதாது.

கிளச்சின் இரு முனைகளிலிருந்தும் நீள வயர் இழுத்து, கண்ணாடி வழியாக உள்ளே எடுத்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். ஐயா ஓட்டினார். பிலிமத்தலாவை தாண்டி மாவனெல்லைக்கு இறங்கித் திரும்பினோம். 13.6, 13.5 வோல்ட். ஒவ்வொரு தரம் கிளச் பிடிக்கும்போதும் 'டிக்' என்று கேட்டது. பாறையை நெருங்கும்போது அந்தச் சத்தம் வரவில்லை. மீட்டரில் 9.6.

ஓரங்கட்டினோம். என்ஜினை அணைக்க விடவில்லை. வோல்ட் எங்கே தொலைகிறது என்பதைக் கரண்ட் ஓடும்போதுதான் அளக்க முடியும். ஏசி பியூஸின் தலையில் ஒரு முனை, கிளச்சுக்குப் போகும் வயரில் மறுமுனை. பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 4 வோல்ட். இடையில் இருப்பது, கிளச்சுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் ரிலேதான். தொட்டேன், விரல் சுட்டது. இரண்டு ஆம்பியர் ஓடினாலே எட்டு வாட் சூடு அந்தச் சின்னப் பெட்டிக்குள். பக்கத்திலிருந்த ஹோர்ன் ரிலே அதே வகை. கழற்றி இதில் செருகினேன். டிக்!

ஹோர்ன் இல்லாமல் அந்த வளைவுகளில் ஏறக்கூடாது. அதனால் திரும்ப மாற்றிவிட்டு, ஏசி இல்லாமலே கண்டிக்கு வந்தோம். ரிலேயைத் திறந்து ஐயாவிடம் காட்டினேன்: தொடுமுனைகள் கருகி, குழி விழுந்திருந்தன.

2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதி நின்றிருந்ததால், இங்கே ஓடும் கார்களோடு ரிலேகளும் கிழடாகிவிட்டன. ஆனால் பழி கேஸின் மேல்தான் விழுகிறது. அந்த ஆர்134ஏ கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. காரணம் தேடாமல் அதைத் திறந்துவிட்டு மறுபடி நிரப்புகிறவர்களைப் பார்த்தால் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை.

புது ரிலே போட்ட பிறகும் மாவனெல்லைக்கு இறங்கினோம், உச்சி வெயிலில். பாறைக்குக் கிட்ட 13.5.