கால் கட்டை

பழைய டர்ன்டேபிள்களில் எது உசத்தி என்ற பேச்சு வந்தால், என் காதில் முதலில் விழுவது அத்தையின் சுருதிப் பெட்டி. பெரியப்பா வீட்டுக் கூடத்தில் தோரன்ஸ் டிடி 160. எல்பி சுற்றும்போது அத்தையும் கூடவே பாடுவார். கோடைச் சாயங்காலங்களில் மட்டும் பெட்டியும் தட்டும் ஒட்டாது. "கால் கட்டை இறங்கிப் போச்சுடா" என்பார். பெரியப்பா பெல்ட்டைக் கழற்றிப் பார்ப்பார். காலையில் சரியாக இருக்கும். சாயங்காலம் மறுபடி அதே கதை.

பெல்ட் பாவம். தோரன்ஸில் இருப்பது சின்க்ரனஸ் மோட்டார். கரண்டின் அதிர்வெண் எப்படியோ அப்படியே ஓடும். ஊரெல்லாம் விளக்கு போட்டு 50 ஹெர்ட்ஸ் 48.5க்குச் சரிந்தால் வேகம் 3 சதவீதம் குறையும். கணக்குப் போட்டால் அது கால் கட்டைதான்!

பெரியப்பாவின் நண்பர் கேரார்ட் 301 வைத்திருந்தார். 1954இல் வந்த இங்கிலாந்துச் சரக்கு. தூக்கவே இரண்டு கை வேண்டும். மோட்டார் தண்டு ரப்பர் சக்கரத்தைத் தள்ள, சக்கரம் தட்டின் உள்விளிம்பைத் தள்ளும். அதில் தவில் கேட்க வேண்டும். அடி நெஞ்சில் விழும். ஆனால் வயலின் ஆலாபனை மெலிகிற இடத்தில் அடியில் ஓர் உறுமல் கேட்கும். ரப்பரில் பள்ளம் விழுந்துவிட்டாலோ, உறுமலோடு 'டக் டக்'கும் சேர்ந்துகொள்ளும்.

அத்தைக்கு ஏற்றது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2. 1979இல் வந்தது. வேகத்தைக் குவார்ட்ஸ் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் ஆடினாலும் அசையாது. சிவப்பு வெளிச்சத்தில் தட்டின் விளிம்புப் புள்ளிகள் நின்றபடி தெரிந்தால் வேகம் சரி. கிளப் டிஜேக்களின் மெஷின் என்று சில ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். சுருதிக்கு அந்தக் கௌரவமெல்லாம் தெரியாது.

இன்று கிரிட் 49.90க்கும் 50.05க்கும் நடுவே ஓட வேண்டும் என்பது விதி. அதனால் இப்போதென்றால் நான் டிடி 160தான் வாங்குவேன். உறுமல் இல்லை, பெல்ட்டும் சுலபமாகக் கிடைக்கிறது.

எங்கள் வீட்டில் இருந்தது சூட்கேஸ் பிளேயர். பாட்டு தாவினால் முள்ளின் தலையில் நாலணாவை வைப்பது அன்று தெருவெங்கும் வழக்கம். அந்த நிக்கல் காசு 2.5 கிராம். நல்ல மேக்னடிக் கார்ட்ரிட்ஜுக்கு மொத்த பாரமே 2 கிராம் போதும். ஏற்கெனவே கனத்த முள்ளின் மேல் காசும் ஏறினால் பள்ளத்தின் சுவர் என்ன ஆகும்? அந்தக் காலத்து இசைத்தட்டுகள் பல இன்று இரைவது அதனால்தான்.

பரணிலிருந்து பிளேயரை இறக்குகிறீர்களா? புது முள் போடாமல் ஒரு தட்டையும் வைக்காதீர்கள்.