மடுவுக்கு நடக்கும் கணக்கு

யூலை 5

மடு மாதா திருத்தலத்தில் ஓகஸ்ட் 6ஆம் திகதி கொடியேற்றம். 14 மாலை வேஸ்பர் ஆராதனை, 15 காலை பெருவிழாத் திருப்பலி. கொடியேறும் நாள் விடியற்காலை யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து நடக்கத் தொடங்கினால், 13ஆம் திகதி பொழுதுபட மடுவில் மரத்தடி பிடித்துப் படங்கு கட்டிவிடலாம். மச்சான் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். கடலில் தொழில் மந்தமான நேரம், அவனுக்கும் வசதி. இருவருக்குமாக ஒதுக்க முடிந்தது 12,000 ரூபா.

போக இரண்டு வழி. ஏ-9 வீதியில் கடைகள் அதிகம், லொறிகளும் அதிகம். ஏ-32 நாவற்குழியில் பிரிந்து தனங்கிளப்பு, கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று மேற்குக் கரையோடு இறங்கி மாந்தைக்குப் போகிறது. அங்கிருந்து உயிலங்குளம், முருங்கன், மடுச் சந்தி, பிறகு காட்டுக்குள் 12 கிலோமீற்றர். எல்லாம் சேர்த்து 150 கிலோமீற்றர் அளவில் வரும். நாளுக்கு 20 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு.

இந்த இரண்டாவது வழியில்தான் என் மனம் நிற்கிறது. மடு மாதாவின் சுரூபம் முதலில் இருந்த இடம் மாந்தை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கிய காலத்தில், 1670இல், இருபது குடும்பங்கள் அந்தச் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் குடியேறியதாக மடுவின் வரலாறு சொல்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக் காட்டுக்கு ஓடிய எழுநூறு பேரும் பின்னர் அவர்களோடு சேர்ந்தார்களாம். பஸ்ஸில் போகிறவனுக்கு மாந்தை ஒரு பெயர்ப்பலகை. நடந்து போனால், அந்த இருபது குடும்பமும் எவ்வளவு தூரம் தூக்கிப் போனார்கள் என்பது காலுக்குத் தெரியும்.

யூலை 9

அம்மாவிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பஸ் ஓடேக்க ஏன் தம்பி நடக்கிறாய்? தொண்ணூற்றைஞ்சில நடந்தது காணாதே?”

பதில் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் இடப்பெயர்வில், வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. செம்மணி வெளியில் மழை, இருட்டு, இலட்சக்கணக்கான சனம். அம்மா என்னை இடுப்பிலும் ஒரு சாக்கைத் தலையிலும் வைத்துக்கொண்டு போனார். எங்கள் முதல் நாள் நடை அதே செம்மணி வீதியில், அதே பாலத்தால். தென்மராட்சி போய், கிளாலியில் வள்ளம் ஏறி வன்னிக்குப் போனவர்களும் எங்கள் ஊரில் நிறையப் பேர். அந்தத் தலைமுறையிடம் போய் ஆறுதலுக்காக நடக்கப் போகிறோம் என்றால் எப்படி விளங்கும்?

“அண்டைக்குத் துரத்தினவங்கள் அம்மா. இந்தமுறை நானா நடக்கப் போறன். களைச்சா இருப்பன். விரும்பினாத் திரும்பி வருவன்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்த சிறு பொட்டலத்தை எடுத்துத் தந்தார். மடு மண். பாம்புக்கடிக்கு அந்த மண்தான் காவல் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. “காட்டுக்குள்ள படுக்கேக்க பக்கத்தில வை” என்றார். சம்மதம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

யூலை 13

காசுக் கணக்கு. சாப்பாடுதான் பெரிய செலவாக வரும் என்று நினைத்திருந்தேன். தண்ணீர்தான் முன்னால் நிற்கிறது.

ஓகஸ்ட் வெயிலில் நடக்கிற ஆளுக்கு நாளுக்கு நாலு லீற்றராவது வேண்டும். ஒரு லீற்றர் போத்தலுக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலை 100 ரூபா. எட்டு நாளுக்கு ஆளுக்கு 32 லீற்றர், இருவருக்கு 6,400 ரூபா. கையிருப்பில் பாதிக்கு மேல் தண்ணீருக்கே போய்விடும். ஆகவே போத்தல் வாங்குவதில்லை. ஆளுக்கு இரண்டு பழைய போத்தல், கிணறோ குழாயோ கண்ட இடத்தில் நிரப்புவது, கூடவே குளோரின் மாத்திரை. பூநகரிப் பக்கம் கிணற்றில் உவர் அடிக்கும். அங்கே மட்டும் கடையில் வாங்கக் காசு ஒதுக்கியிருக்கிறேன்.

சாப்பாடு எளிது. காலையில் சமபோஷவைச் சீனி, தேங்காய்ப்பூவோடு தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் அடுப்பு தேவையில்லை. மத்தியானம் வழியில் சோற்றுக்கடை இருந்தால் சோறு, இல்லாவிட்டால் பாணும் வாழைப்பழமும். இரவுக்கு அம்மா ஒடியல்மா கட்டித் தருகிறார். பிட்டு அவிக்கச் சிறு பானை ஒன்று போதும். நடுவழியில் சோர்ந்தால் பனங்கட்டியும் தேநீரும். வேர்த்துக் கொட்டுகிறவனுக்கு உப்பும் வேண்டும், அதற்கு ஊறுகாய்.

யூலை 18

பழக்கத்துக்குப் பண்ணைத் தாம்போதியால் மண்டைதீவுச் சந்தி வரை போய் வந்தோம். சோளகம் பிடித்து அடிக்கிறது. போகும்போது முகத்திலும் தோளிலும் மோதி, மணலை வாரிக் கண்ணுக்குள் போட்டது. இரு பக்கமும் களங்கண்ணிக் கம்புகள் காற்றில் நடுங்க, இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது.

மச்சான் அங்கேயே நின்று கணக்குப் போட்டான். குருநகரிலிருந்து மாந்தை தெற்கே. ஓகஸ்டில் சோளகம் தென்மேற்கிலிருந்து வரும். அப்படியென்றால் ஏ-32 முழுக்க எதிர்க்காற்றுத்தான். சங்குப்பிட்டியில் மறைப்பே கிடையாது, இரு பக்கமும் கடல்நீரேரி. கடற்காற்று ஏறுவதற்கு முன் அந்தத் துண்டைக் கடந்துவிட வேண்டும் என்றான். தொழிலுக்குப் போகிறவன் சொல்வதைக் கேட்பதுதான் புத்தி. விடிய நாலு மணிக்கு இறங்குவது, பத்து மணிக்கு நிழலில் ஒதுங்குவது, வெயில் சாயப் பின்னேரம் மீதியை நடப்பது என்று முடிவாயிற்று.

செருப்பைப் பற்றியும் ஒரு தீர்மானம். புதுச் சப்பாத்து வாங்குவதில்லை. காலுக்குப் பழகிய பழைய கன்வஸ் சப்பாத்து நடைக்கு, பாட்டா செருப்பு ஓய்வுக்கு. விரல் இடுக்குகளில் வசலின் பூசினால் கொப்புளம் குறையும். இன்று பூசாத இடது காலில் எரிகிறது.

யூலை 22

தங்குமிடம். விடுதிக்குக் காசு கிடையாது. நாங்கள் நிற்கப் போகிற பல ஊர்களில் விடுதியும் கிடையாது. ஆனால் ஏ-32 கரையோரம் கோயில்கள் உண்டு. வழியிலுள்ள பங்குகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓரிடத்துச் சுவாமி நான் சொல்லி முடிப்பதற்குள் “விறாந்தையில படுங்கோ, கிணறு பின்னால இருக்கு” என்றார். இன்னோர் இடத்தில் கடிதம் வேண்டும், அடையாள அட்டைப் பிரதி வேண்டும், மண்டபத்துக்கு வாடகை வேண்டும் என்றார்கள். கடிதமும் பிரதியும் நியாயம். ஊருக்குள் தெரியாத ஆட்களைப் படுக்க விடுகிறவர்களுக்கு அது தேவைதான். தரையில் பாய் விரிக்க வாடகை கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேவன்பிட்டியில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட, கடலோரக் கிராமம். 2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது மாதாவின் சுரூபத்தைப் பாதுகாப்புக்காக அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த ஊர்ச் சனமும் பிறகு இடம்பெயர்ந்ததுதான். அவர்களிடம் கேட்க எனக்குக் கேள்விகள் இருக்கின்றன. வீதியிலிருந்து விலகிப் போக வேண்டும், அரை நாள் கூடும். கூடட்டும்.

யூலை 25

இன்று எங்கள் குருநகர்ப் புனித யாகப்பர் கோயில் திருநாள். 1993 நவம்பர் 13 விமானக் குண்டில் இடிந்து, திரும்ப எழுந்த கோயில். உலகத்தில் நடந்து போகிற யாத்திரிகருக்கெல்லாம் பாதுகாவலர் யாகப்பர்தான். ஸ்பெயினில் சந்தியாகோ தெ கொம்பொஸ்தேலாவில் இவருடைய கல்லறை இருப்பதாக நம்பி ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நடக்கிறார்கள். 2024இல் அங்கே யாத்திரைச் சான்றிதழ் பெற்றவர்கள் ஐந்து இலட்சத்தை நெருங்கினார்கள். நடந்து போகிறவர் குறைந்தது 100 கிலோமீற்றராவது நடந்திருந்தால்தான் அந்தச் சான்றிதழ். அந்த வழியில் எளியவனும் நடக்க முடிவதற்குக் காரணம், வழிநெடுகிலும் உள்ள மடங்கள். அடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை, சிலவற்றில் வாசலில் உண்டியல் மட்டும், முடிந்ததைப் போடலாம்.

இதற்காக ஸ்பெயின் வரை போக வேண்டியதில்லை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் என்று கிழக்குக் கரை முழுதும் நடந்து, உகந்தையில் காட்டுப்பாதை திறக்கக் காத்திருந்து, கூமுனைக் காட்டாலும் யாலக் காட்டாலும் போய்ச் சேருகிறார்கள். வாரக்கணக்கான நடை. போகிற வழியில் ஒவ்வொரு கோயிலும் அன்னம் போடுகிறது, ஊர்ச்சனம் மோரும் தண்ணீரும் கொடுக்கிறது. அதில் நடக்கிற பலர் கையில் எங்களிடம் உள்ள காசுகூட இராது. மடுவுக்கும் இலட்சக்கணக்கில் சனம் போகிறது, பெரும்பாலும் பஸ்ஸிலும் வானிலும். நடக்கிறவர்கள் குறைவு என்பதால், கதிர்காமத்து வழியில் இருக்கிற அந்த ஏற்பாடு எங்கள் வழியில் இன்னும் வளரவில்லை.

யூலை 29

பை கட்டிப் பார்த்தோம். படங்கு ஒன்று, பாய் இரண்டு, பெட்ஷீட், மாற்றுடுப்பு ஒரு சோடி, பானை, ரோச் லைட், தேங்காயெண்ணெய், மருந்துச் சீலை, ஜீவனி பக்கற், அடையாள அட்டை. வலை பொத்துகிற நைலோன் நூலும் ஊசியும் மச்சானின் சேர்ப்பு. சப்பாத்து பிரிந்தாலும் பை கிழிந்தாலும் அதுவே போதும். ஆளுக்கு ஏழு கிலோவுக்குள் நிற்கிறது. திரும்பி வருவது திருநாள் சிறப்பு பஸ்ஸில். அந்தக் காசை முதலே எடுத்துத் தனியாக வைத்தாயிற்று.

எங்களுக்குப் பின்னால் நடக்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சண்டை நடந்த பகுதிகளில் ஒதுங்கவென்று பற்றைக்குள் இறங்க வேண்டாம், மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை கண்டால் தார் றோட்டை விட்டு ஓர் அடியும் விலக வேண்டாம். மடுச் சந்திக்கு உள்ளே யானைக் காடு, பொழுதுபட்ட பிறகு அந்த 12 கிலோமீற்றரைத் தொட வேண்டாம்.

நாவற்குழி முதல் முருங்கன் வரை உள்ள பங்குகளிடமும் ஆலய சபைகளிடமும் பாடசாலை அதிபர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஓகஸ்ட் 6 முதல் 14 வரை ஒரு விறாந்தையையும் ஒரு தண்ணீர்க் குழாயையும் நடந்து வருகிறவர்களுக்குத் திறந்து விடுங்கள். வாசலில் ஓர் உண்டியல் வையுங்கள், முடிந்தவர்கள் போடுவார்கள். அவ்வளவு இருந்தால், 12,000 ரூபாகூட இல்லாதவர்களும் அடுத்த வருடம் குருநகரிலிருந்து மடுவுக்கு நடப்பார்கள்.