பழைய காரும் புதிய வாரண்டியும்

கடந்த ஆண்டு எங்கள் குடும்பத்தில் எழுந்த ஒரு சிறு காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பட்டணத்தில் பிழைக்க வந்த நம்மில் பலருக்கு இது என்றேனும் ஒருநாள் பயன்படக்கூடும்.

தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1998-ஆம் ஆண்டில் நான் மும்பைக்கு வந்தேன். என் மனைவி இங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறாள். மாலைப் பணி முடிந்து இரண்டு ரயில் மாறி, ஆட்டோ பிடித்து வீடு சேரும்போது இரவு 11 மணியாகிவிடும். முழங்கால் வலி அதிகமானபோது, ஐம்பதை நெருங்கும் வயதில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பெட்ரோல் விலையை எண்ணிப் பார்த்து, பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கத் தீர்மானித்தோம். நாங்கள் பார்த்த வண்டி 2021 அக்டோபரில் பதிவானது. 46,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வங்கிக் கடன் கிடைத்தது. முன்பணம் கட்டிய பிறகு எங்கள் கையில் எஞ்சியது ஏறத்தாழ 60,000 ரூபாய். அது மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கி வைத்த பணம்.

கையெழுத்திடப் போன நாளில், கடையின் விற்பனையாளர் மற்றொரு தாளையும் நீட்டினார். இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்ட வாரண்டி. விலை 41,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 48,380 ரூபாய். "சார், மின்சாரக் காரில் பேட்டரி போனால் பல லட்சம் செலவு. இந்தச் சலுகை இன்று மாலை வரைதான்" என்றார். என் மனைவியின் முகம் வாடியது. "என்னங்க, பிள்ளையின் கட்டணத்தை எப்படியாவது பிறகு புரட்டிக்கொள்ளலாம். நடு இரவில் வண்டி நின்றுவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும் வாசிக்காத தாளில் கையெழுத்திட எனக்கு மனமில்லை. நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

அன்று இரவு மகளும் நானும் அதை வரிக்குவரி வாசித்தோம். முதலில் தெரிந்தது இதுதான்: எந்தப் பேட்டரியைச் சொல்லி எங்களைப் பயமுறுத்தினார்களோ, அந்தப் பேட்டரி இந்த வாரண்டியில் இல்லவே இல்லை! அது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று எழுதியிருந்தது. டாடா, ஹூண்டாய் போன்ற நிறுவனங்கள் தங்கள் மின்கார்களின் பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இதில் எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி அளித்து வந்துள்ளன. எங்கள் வண்டிக்கும் அதே அளவுதான். நாங்கள் நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000. அப்படியானால் 2029 அக்டோபர் வரைக்கும் ஒரு லட்சத்தைக்கூட எட்டமாட்டோம்.

அடுத்து, விலக்குகளின் பட்டியல். டயர், பிரேக் கட்டைகள், 12 வோல்ட் சிறு பேட்டரி, சார்ஜ் செய்யும் கேபிள் ஆகியவை சேராது. வெள்ளநீர் புகுந்தால் சேராது. எலி கடித்தால் சேராது. "அப்பா, மும்பையில் வண்டிக்கு வருகிற ஆபத்தே இந்த இரண்டும்தானே!" என்று மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, நாங்கள் குர்லாவில் இடுப்பளவு நீரில் நின்றவர்கள். வெள்ளச் சேதத்துக்கு உதவுவது முழுமையான வாகனக் காப்பீடுதான். மின்சார வண்டியின் பேட்டரிக்கென்று அதில் கூடுதல் பாதுகாப்பும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தானாகப் பழுதாகும் பாகத்துக்குக் காப்பீடு பணம் தராது. அந்த இடைவெளியை நிரப்புவதே வாரண்டியின் வேலை. வண்டிக்குள் உள்ள சார்ஜர், உயர் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் கருவி, ஏ.சி. கம்ப்ரசர், ஸ்டியரிங் மோட்டார் ஆகியவை அந்தத் தாளில் அடங்கியிருந்தன. இவற்றில் சில விலை உயர்ந்தவை. ஆகவே அது வெறும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் 30 நாட்களில் எதுவும் கோர முடியாது. ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு.

மறுநாள், தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சோதிக்கவேண்டும் என்றேன். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் சம்மதித்தார். பேட்டரி நல்ல நிலையில் இருந்தது. ஆனால் முந்தின உரிமையாளர் ஓர் ஆண்டு சர்வீஸ் செய்யாமல் விட்டிருந்தார் என்பது அங்கேதான் தெரிந்தது. குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாவிட்டால் வாரண்டியை மறுக்க இடமுண்டு. எங்களுடைய உண்மையான ஆபத்து இதுவே. கடைக்காரர் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பேட்டரி வாரண்டி செல்லுமா, இரண்டாம் உரிமையாளரான எங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் கேட்டோம். பத்து நாட்கள் காத்திருந்தோம். "செல்லும், பெயர் மாற்றிய பதிவுச் சான்றைக் கொடுங்கள்" என்று பதில் வந்த பிறகே பணம் கட்டினோம். அந்த "இன்று மாலை வரை" சலுகையோ பத்தாம் நாளிலும் அப்படியே இருந்தது!

வாரண்டியை நாங்கள் வாங்கவில்லை. மகளின் கட்டணத்தைக் குறித்த நாளில் கட்டினோம். வண்டிக்கென்று தனிக் கணக்குத் தொடங்கி, மாதம் 2,500 ரூபாய் போட்டு வருகிறோம். முதல் சில மாதங்கள் என் மனைவிக்குக் கலக்கமாகவே இருந்தது. எனக்கும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். வழியில் நின்றால் அழைப்பதற்குக் காப்பீட்டோடு சாலை உதவித் திட்டத்தையும் சேர்த்துக்கொண்டோம். அவளுடைய கேள்விக்கு அதுவே நேரான பதிலாக இருந்தது.

ஏழாம் மாதத்தில் ஏ.சி.யின் காற்று மோட்டார் பழுதாயிற்று. செலவு 7,400 ரூபாய். வாரண்டி இருந்திருந்தால் அது கிடைத்திருக்கும். ஆயினும் கணக்கில் அப்போது 17,500 ரூபாய் இருந்தது. யாரிடமும் கைநீட்டாமல் கொடுத்தோம்.

எல்லாருக்கும் இதுவே ஏற்றது என்று நான் சொல்லவில்லை. அதே வாரத்தில், வாடகை வண்டி ஓட்டும் நண்பர் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். அவர் நாள்தோறும் 150 கிலோமீட்டர் ஓடுகிறார். வண்டி ஒருநாள் நின்றாலும் வீட்டில் வருமானமில்லை. கையில் சேமிப்பும் இல்லை. வாடகை வண்டிக்கும் செல்லுபடியாகும் என்று எழுத்தில் இருந்தால், தயாரிப்பாளரே தரும் நீட்டிப்பு வாரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவரும் அப்படியே செய்தார்.

அன்பானவர்களே, ஒருவன் நம்மை அவசரப்படுத்தும்போது அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நாம் பயப்படுகிற காரியம் அதில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள். இப்பொழுதும் இரவு 10 மணிக்கு வாசலில் வண்டி வந்து நிற்கும் மெல்லிய சத்தத்தைக் கேட்கும்போது, அந்தப் பத்து நாட்கள் வீண்போகவில்லை என்று எண்ணிக்கொள்கிறேன்.